உப்புக்கண்டமும் மிட்டாய்க்கடையும்

மழைக்காலம் வந்தால் நம் இதழ்களுக்கு பஜ்ஜி ஞாபகம் வந்துவிடுகிறது. தட்டை, ரிப்பன் பக்கோடா, தவலை வடை என்று 'மாலை நேரச் சிற்றுண்டி' பக்கம் பக்கமாக வரும். படித்தால் நாக்கு ஊறத்தான் செய்யும். எனக்கும் தவலை வடை பிடிக்கும். என் சண்டை வடையோடு இல்லை. தமிழர் நொறுக்குத்தீனி என்று அச்சில் ஏறுகிற பட்டியலில் சேரியின் அடுப்பு ஏன் ஒருநாளும் புகைவதில்லை என்பதுதான் கேள்வி.

மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. ஒரு பார்ப்பனச் சமையற்கட்டின் கைக்கணக்கு. நல்ல புத்தகம்தான். அவர்கள் எழுதி வைத்தார்கள். அது தமிழ்ச் சமையல் ஆயிற்று. நாம் எழுதி வைக்காதது 'கண்டதையும் திங்கிறது' ஆயிற்று.

சரி, நான் எழுதுகிறேன். கீழக்குயில்குடியில் மழை விட்ட அந்தியில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கைப் பொருத்தி, கீழே அகலச் சட்டியில் தண்ணி வச்சா தானா வந்து விழும். அள்ளிக் காயவைத்து, வெறும் சட்டியில் வறுத்து, சுளகில் போட்டுப் புடைச்சா றெக்கை பறந்துரும். வறுத்த அரிசி, பொரிகடலை, உப்பு, மிளகாத்தூள் சேர்த்துக் கலந்தா முடிஞ்சது. இதை ஊரிலும் தின்பார்கள், சேரியிலும் தின்பார்கள். பத்திரிகையில்தான் யாரும் தின்பதில்லை.

அடுத்தது உப்புக்கண்டம். மாட்டுக்கறியை வார் வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோர்த்து விறைப்பாகக் காயவிட வேண்டும். பானையில் மாசக்கணக்கில் கிடக்கும். வேணுங்கிறப்ப ரெண்டு துண்டைத் தணலில் வாட்டி, அம்மியில் நசுக்கி, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் ஒரு புரட்டு. "அப்பத்தா, பசிக்குது" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கைக்கு வந்துவிடும். கொல்லாமை பேசிய சமண முனிவர்கள் தங்கிய மலையின் அடிவாரத்தில்தான் இந்தக் கறி காய்ந்தது. மலை ஒன்றும் முகம் சுளிக்கவில்லை.

முகம் சுளிப்பவர்கள் மனுசர்கள்தான். நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியில் ஒரு மழைச் சாயங்காலம் ஆளாளுக்குப் பிடித்த பலகாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். என் முறை வந்தபோது உப்புக்கண்டம் என்றேன். "ஆட்டுக்கறியா சார்?" "இல்ல, மாடு." பேச்சு சட்டென்று டி.ஏ. அரியர்ஸுக்குப் போய்விட்டது. தீண்டாமையின் மூலத்தைத் தேடி அம்பேத்கர் 1948இல் எழுதிய நூலில், பௌத்தத்தை விடாததையும் மாட்டிறைச்சியை விடாததையும் காரணங்களாகக் காட்டினார். அந்த நூலை நான் அந்த மேசையிலேயே ஒருமுறை வாசித்து முடித்தமாதிரி இருந்தது.

இன்னொரு குரலும் உண்டு. "கடைப் பண்டம் எதுக்கு? வீட்லயே செஞ்சு குடுங்க, உடம்புக்கு நல்லது." நல்ல யோசனைதான். ஆனால் யாரிடம் சொல்கிறோம்? 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பள்ளிப் பிள்ளைகளை ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் கடைக்காரர். அந்த வீடியோ பரவியதும் கைது நடந்தது, கடைக்கு சீல் விழுந்தது. பெரியவர்களுக்கு டீக்கடையில் ரெட்டைக் குவளை வைத்த அதே சாதி, பிள்ளைகளுக்கு மிட்டாய் இல்லை என்றது. கையில் காசிருந்தும் வெறுங்கையோடு திரும்புகிற பிள்ளைக்கு, வீட்டில் நீங்கள் எதைப் பொரித்துக் கொடுத்து ஆறுதல் சொல்வீர்கள்?

ஆகவே ரெண்டும் வேண்டும் என்கிறேன். வீட்டுப் பண்டத்தைக் கடைக்குப் பதிலாக ஒப்புக்கொள்ளக் கூடாது. மிட்டாய் பிள்ளையின் உரிமை. அது கைக்கு வந்தே ஆக வேண்டும். கடை கிடைத்துவிட்டது என்பதற்காக, அப்பத்தாவின் பானையைக் கவிழ்த்துவிட்டுச் சைவ மணத்தோடு நாகரிகம் நடிக்கவும் வேண்டாம். நம்மில் படித்து வேலைக்குப் போன பலர் முதலில் மறைப்பது சாப்பாட்டு டப்பாவைத்தான்.

மராத்தியில் ஷாஹு பட்டோலே 2015இலேயே மராத்வாடா தலித் அடுப்பைப் புத்தகமாக்கினார். 2024இல் அது ஆங்கிலத்துக்கும் போனது. நம் விடுதிகளில் இருக்கும் மாணவர்கள் இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். அம்மா, அப்பத்தா, அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்தக் கறி என்பதைப் பேர் சொல்லி எழுதுங்கள். அளவு கேட்டால் அவர்கள் "ஒரு கை" என்பார்கள். அதை கிராமாக மாற்ற வேண்டாம். ஒரு கை என்றே எழுதுங்கள்.