1620இல் பிறந்ததோ தரங்கம்பாடி?

தரங்கம்பாடிக் கடற்கரையைக் காணச் செல்வோர்க்குக் கற்பிக்கப்பெறும் வரலாறு எது? 1620ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டார் வந்தனர், தஞ்சை நாயக்கன் இரகுநாதனிடம் இடம் பெற்றனர், கோட்டை எழுப்பினர், ஊர் பிறந்தது! இவ்வளவே. அதற்கு முன்னர் ஆங்கு மணலும் நண்டுமே இருந்தன போலும்!

வெறுமணலைத் தேடி எந்த வணிகனும் கடல் கடந்து வாரான். அவ்வூர் மாசிலாமணிநாதர் கோயிலில் உள்ள, பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கல்வெட்டு, 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்' என அதனைக் குறிக்கின்றது. பட்டினம் என்பது கடற்றுறை நகரைச் சுட்டும் தமிழ்ச்சொல். அயலான் காலடி படுவதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே அது பட்டினம்! இன்றும் அக்கரையில் வலைவீசி வாழ்வோர் பட்டினவர் எனப்படுகின்றனர். அக்கோயிலின் பெரும்பகுதியைக் கடல் விழுங்கியது. மக்கள்தம் பெயரில் நின்ற வரலாற்றையோ எவ்வலையும் அழித்திலது.

ஊர்ப்பெயர் பட்ட பாடு தனிக்கதை. அலை, திரை, ஓதம் எனச் சொல் மலிந்த மொழியில், 'தரங்கம்' எனும் வடசொல் 'பாடி'யின் தலைமேல் ஏறிற்று. அதுவும் மேலையர் நாவில் சிதைந்து 'திராங்குபார்' ஆயிற்று. அயலான் நாத் திரும்பாமை குற்றமன்று. அச்சிதைவையே பெருமையெனப் பலகையில் பொறித்துத் தமிழனே விலைகூறுதல் மானக்கேடு!

கோட்டை கட்டியவர் செய்ததென்ன? 1845இல் ஊரை ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்றனர். கரைக்கு உரியவனை ஒரு சொல் கேட்டாரில்லை. 1706இல் வந்த சீகன்பால்கோ, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அவர் நோக்கம் சமயம் பரப்புதலே. எனினும், அவ்வூரில் வாழ்தற்குத் தமிழ் வேண்டும் என்று அயலான் உணர்ந்தான். இன்று அங்குக் கடை விரிக்கும் தமிழன் உணர்ந்திலன்!

உலக மொழிகள் பலவும் கடன்கொண்ட 'கட்டுமரம்' யார் சொல்? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றின் திசையறிந்து பெயரிட்டவர் யார்? ஏட்டையே பாராத மீனவர் நாவில் தமிழ் வாழ்கின்றது. ஏடு படித்தவன் வாயிலன்றோ அது சாகின்றது!

பெயரோடு இது நின்றதா? 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை அங்குப் பல உயிர்களைக் குடித்தது. 2005இல் வந்த அரசாணை, கரையினின்று 200 மீட்டர்க்கு அப்பால் புதுவீடு பெறுவோர் தம் கரைநிலத்தை விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்றது. அதே கரையில் பழைய வெள்ளையர் மாளிகைகளோ விடுதிகளாகப் புதுக்கப்பெற்றன. மீனவனுக்குக் கேடு தரும் கடல், விடுதி விருந்தினனுக்கு மட்டும் காட்சி தருமோ?

கோட்டையைக் காப்பதை எவரும் மறுத்திலர். ஆயின், கோட்டை வாயிற் பலகையில் குலசேகரன்பட்டினம் முதலில் நிற்றல் வேண்டும். பட்டினவரின் கடற்சொற்கள் தொகுக்கப்பெறல் வேண்டும். வலை உலர்த்தும் கரை வலைஞர்க்கே உரியதாதல் வேண்டும்.

பெயரை இழந்தவன் வரலாற்றை இழப்பான். வரலாற்றை இழந்தவன் கரையையும் இழப்பான். தமிழர் இதனை இன்றே உணர்க!