இருவரை உட்கார வைக்கும் முன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண் அழுதுகொண்டு வந்தார். தெரிந்தவர் குடும்பத்துக்கு நானே ஆலோசகராக உட்காரக் கூடாது என்பது நான் கற்ற பாடங்களில் ஒன்று. அதனால், ‘வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு ஒரு நல்ல கவுன்சிலரைப் போய்ப் பாரும்மா’ என்று சொல்லி அனுப்பினேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். ‘பார்த்தேன்மா. நாலு பேர் முன்னாடி அவரைக் கூப்பிட்டுக் கண்டிச்சாரு. அதிலிருந்து இவர் வீட்டுக்கே வர்றதில்ல’ என்றார். அவர் போய்ப் பார்த்தது வார்டு கவுன்சிலரை.

அந்தப் பெண்மேல் பிழையில்லை. குழாய் உடைந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் யாரிடம் போகிறோமோ, குடும்பத்தில் விரிசல் விழும்போதும் அவரிடமே போவதுதான் எங்கள் பகுதி வழக்கம். அவரும் தனக்குத் தெரிந்த வழியில் உதவத்தான் பார்த்திருக்கிறார். நான் சொன்ன இன்னொரு கவுன்சிலர் யார், என்ன படித்திருப்பார், எங்கே இருப்பார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. முகவரி கேட்டிருந்தால் நானும் அண்ணா நகர், எழும்பூர் என்றுதான் சொல்லியிருப்பேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழும் இந்தப் பக்கத்தில் எழுதிக் கொடுக்க என்னிடம் ஒரு பெயர் இல்லை.

கேட்டது தவறான இடத்தில்

1991 முதல் 27 ஆண்டுகள், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தேன். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்றது அப்போதிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். கேன்டீன், குழந்தைகள் காப்பகம், ஓய்வறை, விடுப்புத் தகராறு இவைதான் என் வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். ஆனால், மாதந்தோறும் 7ஆம் தேதி, சம்பள நாளன்று, கேட்டுக்கு வெளியே இடுப்பில் பிள்ளையோடு நாலைந்து பெண்கள் நிற்பார்கள். சம்பளக் கவர் முழுதாக வீடு வந்து சேராது என்று தெரிந்தவர்கள். செக்யூரிட்டி அவர்களை என் அறைக்கு அனுப்பிவைப்பார்.

1996இல் அப்படி வந்த ஒரு பெண். கணவர் மெஷின் ஷாப்பில் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்ததும் அவரையும் வரவழைத்து, இருவரையும் என் மேஜைக்கு எதிரே அடுத்தடுத்து உட்கார வைத்தேன். ‘உன்னை அடிக்கிறாரா?’ என்று கேட்டேன். அந்தப் பெண் கணவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு ‘ஆமாம்’ என்றார். ‘இனிமே கை நீட்ட மாட்டேன்’ என்று கணவர் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்த நிறைவோடு அன்று வீடு திரும்பினேன். அடுத்த மாதம் 7ஆம் தேதி அந்தப் பெண் கையில் மாவுக்கட்டோடு வந்தார். கம்பெனிவரை வந்து மானத்தை வாங்கிவிட்டாய் என்று அன்றிரவே அடி விழுந்திருக்கிறது. என்மேல் அவருக்குக் கோபம்கூட இல்லை. ‘நீங்க கேட்டீங்கன்னுதான் மேடம் சொன்னேன்’ என்றார்.

என்னிடம் சமூகப் பணியில் முதுநிலைப் பட்டம் இருந்தது. அக்கறையோடுதான் கேட்டேன். ஆனால், அடிக்கிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிபடுகிறவரிடம் அதைக் கேட்கக் கூடாது, முதலில் இருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்ற அடிப்படைப் பாடத்தை யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. பட்டமும் நல்ல மனமும் சேர்ந்தே அந்தக் கையை உடைத்தன என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒருவரோடு பேசப் பயின்றவர் இருவரோடு பேசத் தகுதி பெற்றுவிடுவதில்லை. தனி ஆள் வந்தால் நாம் அவர் பக்கம் நிற்கலாம். தம்பதி வந்தால் யார் பக்கம் சாய்ந்தாலும் மற்றவர் அடுத்த முறை வரமாட்டார். ‘என் வீட்டம்மாவுக்குத் தெரிய வேண்டாம்’ என்று கணவர் போனில் ஒரு ரகசியம் சொல்கிறார். கேட்டுக்கொண்டால் அந்த வினாடியே நாமும் அந்த ரகசியத்தில் பங்காளி. மூன்றாம் முறை மாமியாரும் கூடவே வந்து உட்காருகிறார். வெளியே இருங்கள் என்பதா, அவரையும் கேட்பதா? இவற்றுக்கெல்லாம் முறைகள் உண்டு. அவை படித்தும் பழகியும் வருபவை.

சட்டம் கேட்கும் இரண்டு வேலைகள்

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கை விசாரிக்கும் முன் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது. அதற்காக ஆலோசகர்களை நியமிக்கவும் வழி செய்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் ஆலோசனைக்கு அனுப்ப நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால், அங்கே ஆலோசகரின் முதல் வேலை சேர்த்து வைப்பது அல்ல. வன்முறை மறுபடி நடக்காது என்ற உறுதியைப் பெறுவது. அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. முதல் சட்டத்தின் கீழ் நடுநிலை கடமை. இரண்டாவதன் கீழ் அதே நடுநிலை ஆபத்து. எதிரே இருக்கும் தம்பதிக்கு எது பொருந்தும் என்று முதல் அரைமணி நேரத்தில் கண்டறியத் தெரியாதவர், 1996இல் நான் செய்ததையே செய்வார்.

இது எங்கோ ஒன்றிரண்டு வீட்டுச் சங்கதியும் அல்ல. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை உள்ள திருமணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. 2022இல் நாட்டில் நடந்த தற்கொலைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குக் குடும்பப் பிரச்சினைதான் காரணம் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது.

இவ்வளவு கனமான வேலைக்கு நம் நாட்டில் தனிப் பதிவேடு இல்லை. மருத்துவ உளவியலாளர் யார் என்பதை 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டமும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் வரையறுக்கின்றன. 2021இல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் உளவியலாளர், சமூகப் பணியாளர், குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசகர், தாய்ப்பால் ஆலோசகர்வரை இடம்பெற்றிருக்கிறார்கள். கணவன் மனைவியை, குடும்பத்தைச் சேர்த்து உட்கார வைத்துச் சிகிச்சை தருபவர் என்று ஒரு பெயர் அதில் இல்லை. சில வாரச் சான்றிதழோடு ‘குடும்ப நல ஆலோசகர்’ என்று பலகை மாட்டுகிறவரிடம், எத்தனை மணி நேரம் யார் மேற்பார்வையில் பழகினீர்கள் என்று கேட்க எந்த ஏற்பாடும் இல்லை.

ஒரு டம்ளர் தண்ணீர்

அந்த மாவுக்கட்டைப் பார்த்த பிறகு நான் கற்றுக்கொள்ளப் போனேன். ஒரு மருத்துவமனையில் மூத்த மனநல சமூகப் பணியாளர் ஒருவர், சனிக்கிழமைகளில் தன் அறை மூலையில் உட்கார அனுமதித்தார். ஆறு மாதம் பேசக் கூடாது, பார்க்க மட்டும்தான். ஒருநாள் ஒரு மனைவி தேம்பித் தேம்பி அழுதார். நான் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு மூத்தவர் கேட்டார்: ‘ஏம்மா தண்ணி கொடுத்தீங்க?’

‘பாவமா இருந்துச்சு மேடம்.’

‘அப்ப அவங்க வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினாரே, பார்த்தீங்களா? என்னவோ சொல்ல வந்தார். நீங்க குறுக்கே போனதும் மறுபடி குனிஞ்சுக்கிட்டார். அந்த அழுகையைத் தாங்க முடியாம போனது யாருக்கு? அவங்களுக்கா, உங்களுக்கா?’

எந்தப் புத்தகத்திலும் இந்தப் பாடம் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். 1963இலேயே தம்பதி, குடும்பச் சிகிச்சைத் தொழிலுக்கு உரிமம் கொண்டுவந்த அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், முதுநிலைப் பட்டத்தோடு மேற்பார்வையில் 3,000 மணி நேர அனுபவமும் கேட்பது இதற்காகத்தான். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர் அமர்ந்து மாணவர் பேசுவதைக் கவனிப்பது அங்கே வழக்கமான பயிற்சி முறை. எங்கள் தொழிற்பேட்டைக்கும் இது புதிதல்ல. ஐ.டி.ஐ. முடித்து வரும் பையனை முதல் நாளே தனியாக மெஷினில் நிறுத்த மாட்டோம். அப்ரெண்டிஸாக மூத்த ஆபரேட்டரின் பக்கத்தில் நிற்க வைப்போம். இரும்புக்குக் காட்டும் அந்தக் கவனத்தைக் குடும்பத்துக்கும் காட்டச் சொல்கிறேன்.

‘நம்ம ஊரில் பெரியவர்கள் இல்லையா, இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு’ என்பார்கள். பெரியவர்களின் நல்ல சொல் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால், பல சண்டைகளில் அந்தப் பெரியவர்களே ஒரு தரப்பு. இது வெளிநாட்டுச் சரக்கும் அல்ல. குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்ததில் நாமும் முன்னோடிகளே. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்கள் தங்கக் கூடாரம் போட்டுக் கொடுத்தார். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் குடும்பத்தாரை உடன் தங்க வைத்தே சிகிச்சை செய்துவந்திருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்ப மனநலத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. அந்த அறிவு திருமுல்லைவாயலுக்கும் பட்டாபிராமுக்கும் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

இங்கே, தமிழில்

அந்த அறிவு வரும்போது இந்த ஊரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். கணவருக்குத் தொழிற்பேட்டையில் ஃபர்ஸ்ட் ஷிப்ட், மனைவிக்கு ஐ.டி. பார்க்கில் நைட் ஷிப்ட். இருவரும் விழித்த முகத்தோடு சந்திப்பது ஞாயிறு மட்டும். ஒற்றை அறை போர்ஷனில் மாமனார், மாமியார், பிள்ளைகள். மனம்விட்டுப் பேச ஒரு கதவு கிடையாது. வெளிநாட்டுப் பாடநூலை மனப்பாடம் செய்தவர், வாரத்துக்கு ஒருமுறை வெளியே போய்ச் சாப்பிட்டு வாருங்கள் என்பார். இங்கே கேட்க வேண்டியது வேறு: மனைவியின் ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது? அடகில் இருக்கும் நகை யாருடையது? அம்மா வீட்டுக்குப் போய்வர யாரைக் கேட்க வேண்டும்? அந்தப் பதில்களில்தான் குடும்பத்தின் உண்மையான வரைபடம் கிடைக்கும்.

நான் கேட்பது இவை. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் தம்பதி, குடும்பச் சிகிச்சையாளர் என்ற பெயர் சேர வேண்டும். அச்சட்டத்தின் கீழ் வரும் மாநில மன்றம் அதற்கொரு பதிவேடு வைக்க வேண்டும். உளவியல், சமூகப் பணி முதுநிலை முடித்தவர்கள் குறைந்தது 500 மணி நேரம் மேற்பார்வையில் தம்பதிகளோடு அமர்ந்த பிறகே அந்தப் பதிவு கிடைக்க வேண்டும். அந்தப் பயிற்சி மையங்களில் ஒன்றாவது, இந்தப் புறநகரில், தமிழில் நடக்க வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றிலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் உள்ளன. குடும்பப் புகார் முதலில் வந்து நிற்கும் இடம் அதுதான். அங்குள்ள காவலர்கள் சட்டம் பயின்றவர்கள். புகாரோடு வரும் தம்பதியிடம் பேச, இப்படிப் பயின்ற ஒருவர் அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

படித்தவர்களோடு நின்றுவிடவும் கூடாது. 1960களின் இறுதியில், அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் குடும்பச் சிகிச்சை நிபுணர்களான சால்வடார் மினுச்சினும் ஜே ஹேலியும் கல்லூரிப் படிப்பில்லாத உள்ளூர் மக்களைத் தேர்ந்தெடுத்து, நேரடி மேற்பார்வையில் பயிற்றுவித்துக் குடும்பச் சிகிச்சையாளர்களாக உருவாக்கினார்கள். அப்படிப் பயின்றவர்களுக்குத் தங்கள் மக்களின் வாழ்க்கை முன்பே தெரியும். முறையை மட்டும் கற்றால் போதுமானதாக இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி இருக்கிறார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். யார் வீட்டில் சண்டை என்றாலும் இரவு 11 மணிக்குக்கூட அவர் கதவைத்தான் தட்டுகிறார்கள். என் 1996ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். ‘நானும் அப்படித்தாம்மா ரெண்டு பேரையும் எதிர்எதிரே உட்கார வச்சுக் கேட்டுக்கிட்டிருக்கேன்’ என்றார். பிறகு, ‘இதை எங்கம்மா சொல்லித் தர்றாங்க? ஞாயித்துக்கிழமைன்னா நான் வந்துடுவேன்’ என்றார்.

அவர் ஒரு முகவரிதான் கேட்கிறார். மின்சார ரயிலில் போய், பிள்ளைகளுக்கு ராத்திரிச் சமையலுக்குள் திரும்பிவிடும் தூரத்தில் அது இருக்க வேண்டும். அரசும் பல்கலைக்கழகங்களும் மனம் வைத்தால் அதை அவர் கையில் எழுதிக் கொடுத்துவிடலாம். அதுவரை ஒவ்வொரு இரவும் அவர் கதவு தட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். அவரும் தெரிந்ததைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.