கோபுரத்தின் உயரமும் வாசலின் வரலாறும்

மதுரைக்கு வரும் நண்பர்களிடம் மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி உயரம் என்கிறோம். ஆயிரங்கால் மண்டபத்தையும் பொற்றாமரைக் குளத்தையும் காட்டுகிறோம். பெருமைதான். கல் சுமந்ததும் செதுக்கியதும் உழைக்கும் மக்கள் அல்லவா?

ஆனால் 1939 ஜூலை 8 என்ற தேதியை எத்தனை பேர் சொல்கிறோம்? அன்றுதான் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டோர் ஐவரும் நாடார் ஒருவரும் அந்தக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். தீட்டு என்று சொல்லிப் பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசையைப் புறக்கணித்தார்கள். நுழைந்தவர்களையும் அனுமதித்தவர்களையும் வழக்குகளிலிருந்து காக்க அரசு தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நாளைக்குத் தமிழகத்தின் அமைச்சராகப்போகிற கக்கனுக்கே அன்று வாசலைத் தாண்டுவது போராட்டமாக இருந்தது.

அன்று தடுத்தவர்கள் சொன்ன காரணம் 'வழக்கம்'. இன்று கருவறை வாசலில் நிற்பதும் அதே சொல்தான். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என 2006இல் அரசாணை வந்தது. மதுரையிலும் பயிற்சிப் பள்ளி திறந்தது. பயிற்சி முடித்தவர்களில் பெரும்பாலோர் 2021 வரை வேலையின்றிக் காத்திருந்தார்கள். அப்போது நியமனம் கிடைத்த சிலரையும் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள்.

வழக்கம் என்று சொல்லி ஆளைத் தள்ளி வைப்பதும் பாரம்பரியம் என்றால், அதை உடைத்ததும் மதுரையின் பாரம்பரியம்தான். எதைச் சுமப்பது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்தமுறை நண்பர்களை அழைத்துப் போகும்போது, கோபுரத்தின் உயரத்துக்கு முன்னால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.