கப்பல் காத்திராது



சங்கரன்கோவில் கடலைக் காணாத ஊர். கரிசல் நிலமும் பூச்சந்தையும் தறியோசையுமே இவ்வூரார்க்குப் பழகியவை. ஆயினும் கப்பற் பயணப் பேச்சு இன்று இப்பக்கத்து இல்லங்களிலும் எழுகின்றது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பணிபுரியும் பிள்ளைகள் ஊரிலிருந்து தாய் தந்தையரை வரவழைத்து, மூன்று நான்கு நாள் உல்லாசக் கப்பலில் அழைத்துச் செல்கின்றனர். நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022-ஆம் ஆண்டில் ‘எம்ப்ரஸ்’ என்னும் கப்பல் இத்தகைய பயணத்தைத் தொடங்கிற்று. 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் சென்றது.

பெற்றோரை மகிழ்விக்க விரும்பும் பிள்ளைகளின் அன்பு பாராட்டத்தக்கதே. ஆனால், பயணச் சீட்டு வாங்கும்போது எவரும் எண்ணிப் பாராத ஒன்றைப் பற்றி இத்திங்கள் எழுத விழைகிறோம். கரையிறங்கி ஊர் பார்க்கச் சென்றவர் குறித்த நேரத்தில் கப்பலுக்குத் திரும்புவது எங்ஙனம் என்பதே அது.

சங்கரன்கோவில் நிலையத்தில் பொதிகை விரைவு வண்டியைத் தவறவிட்டவர், பேருந்தேறி மதுரைக்குச் சென்று வேறு வண்டி பிடிக்கலாம். அன்றேல் வீடு திரும்பி மறுநாள் புறப்படலாம். கையில் பையுண்டு, வாயில் மொழியுண்டு. கப்பலைத் தவறவிட்டவர் நிலை அத்தகையதன்று. அவருடைய பெட்டியும் மருந்தும் கப்பலில் இருக்கும்; பல பயணங்களில் பாஸ்போர்ட்டும் அங்கேயே இருக்கும். பல நாடுகளில் கப்பற் பயணிக்குத் தரப்படும் கரையிறங்கும் அனுமதி, கப்பல் துறையில் நிற்கும் பொழுதுக்கே உரியது. கப்பல் சென்றபின் அவர் விசா இன்றி அயல்நாட்டில் நிற்பவராகிவிடுவார்.

ஆயிரம் பேர் செல்லும் கப்பல் ஒரு குடும்பத்துக்காக அரை மணி நிற்கலாகாதா என்று கேட்கலாம். துறைமுகத்தை விட்டுக் கப்பலை வெளியே கொண்டு செல்ல, ‘பைலட்’ எனப்படும் வழிகாட்டி மாலுமி குறித்த நேரத்துக்கு அமர்த்தப்படுகிறார். இழுவைப் படகுகளும் அவ்வாறே. சில துறைகளில் கடலின் ஏற்றவற்றமும் நேரத்தை வரையறுக்கும். நிற்கும் இடத்தை அடுத்த கப்பலுக்கு ஒழித்துத் தர வேண்டும். இழந்த பொழுதை ஈடுசெய்ய விரைந்து ஓட்டினால் எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். ஆதலின், புறப்படும் வேளைக்கு அரை மணி முதல் ஒரு மணி வரை முன்னதாகவே ‘அனைவரும் ஏறிவிட வேண்டிய நேரம்’ ஒன்று குறிக்கப்படுகிறது. நாம் நினைவிற்கொள்ள வேண்டியது அந்த நேரத்தையே, புறப்படும் நேரத்தையன்று.

2024-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் நிகழ்ந்ததை நோக்குக. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவ் தோமே தீவில் ‘நார்வீஜியன் டான்’ என்ற கப்பலின் பயணியர் எண்மர், தாமாக அமர்த்திக்கொண்ட சுற்றுலாவில் சென்று காலந்தாழ்ந்து திரும்பினர். கப்பல் இன்னும் நங்கூரமிட்டு நின்றது. அந்நாட்டுக் கடலோரக் காவலர் தம் படகில் அவர்களைக் கப்பலருகே கொண்டு சென்றனர். ஆயினும் ஏற அனுமதி கிடைக்கவில்லை. பல நாடுகளைக் கடந்து காம்பியாவுக்குச் சென்று காத்திருந்தனர். நீர்மட்டம் தாழ்ந்திருந்தமையால் கப்பல் அத்துறைக்கு வரவில்லை. இறுதியில் செனகல் நாட்டின் தக்கார் நகரில், ஏப்ரல் 2-ஆம் நாளன்றுதான் கப்பலில் ஏற முடிந்தது.

இதனின்று இரண்டு செய்திகள் பெறப்படும். முதலாவது, கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவுக்குக் கட்டணம் சற்று மிகுதி. எனினும் அதில் சென்றோர் காலந்தாழ்ந்தால், பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். அன்றேல் அடுத்த துறைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்கும். தனி வாடகை வண்டியில் சென்றவர்க்கு அவ்வுறுதி இல்லை. இரண்டாவது, கப்பல் கண்ணெதிரே நிற்பதனால் நேரம் இருக்கிறது என்று கொள்ளற்க.

கடிகாரத்தாலும் ஓர் இடர் உண்டு. 2006-ஆம் ஆண்டு முதல் இலங்கைக்கும் நமக்கும் ஒரே மணியாதலால், சென்னையிலிருந்து அங்குச் செல்வோர்க்குக் குழப்பமில்லை. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாகத் தாய்லாந்தின் ஃபூக்கெட் தீவுக்குச் செல்வோர் நிலை வேறு. ஃபூக்கெட் மணி சிங்கப்பூர் மணிக்கு ஒரு மணி நேரம் பிந்தியது. கப்பல் சிங்கப்பூர் மணியையே கடைப்பிடித்தால், ஏறவேண்டிய 5 மணி என்பது அத்தீவில் 4 மணியாகும். கைப்பேசியோ தானாகவே உள்ளூர் மணிக்கு மாறிவிடும். அதில் நாலரை எனக் கண்டு, ‘இன்னும் அரை மணி உண்டு’ என்று கடையில் நிற்பவர், உண்மையில் அரை மணி பிந்திவிட்டவர். மேலும் அங்குப் பட்டோங் கடற்கரைக்கு வரும் பெருங்கப்பல்கள் சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகளே பயணியரை ஏற்றிச் செல்லும். கடைசிப் படகின் நேரத்தையும் கேட்டறிதல் வேண்டும். இறங்குமுன் கப்பல் ஊழியரிடம், “இன்று கப்பல் மணி எது?” என்று வினவி, தாத்தாவின் பழைய கைக்கடிகாரத்தில் அம்மணியை வைத்துக்கொள்வதே சாலச் சிறந்தது.

இனி, நாம் முதன்மையாகச் சொல்லவந்தது இது: திரும்பும் நேரத்தை இளையோர் நடையால் அளக்கலாகாது, குடும்பத்தில் மெல்ல நடப்பவர் எவரோ, அவர் நடையாலேயே அளத்தல் வேண்டும். ஏறவேண்டிய நேரம் மாலை 5 மணி எனக் கொள்வோம். துறைமுக வாயிலில் சோதனை வரிசைக்கும் கப்பல் வரை நடப்பதற்கும் அரை மணி. மகனும் மருமகளும் அரை மணியில் கடக்கும் வழி, முழங்கால் வலியுள்ள ஆச்சிக்கு ஒரு மணி. வண்டி பழுதாகலாம், மழை பெய்யலாம். அதற்கு ஒரு மணி. ஆகவே நகரை விட்டுப் புறப்பட வேண்டியது இரண்டரை மணிக்கு. மீதிப் பொழுதில் காணக்கூடியது ஓர் இடமெனின், ஓரிடமே போதும்.

“நீங்கள் மெதுவாகத் திரும்பிப் போங்கள், நாங்கள் இதைப் பார்த்துவிட்டு வருகிறோம்” என்று பெரியவரைத் தனியே அனுப்புவதும் தகாது. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவில், கப்பற் குழுவினருடன் மலையேறச் சென்ற 80 வயது மூதாட்டி ஒருவர் குழுவினின்று தனித்துப்போனார். அன்று மாலை கப்பல் அவரில்லாமலே புறப்பட்டுவிட்டது. பல மணி நேரங்கழித்தே அவர் இல்லை என்பது உணரப்பட்டது. மறுநாள் அவர் உடலே தீவில் கிடைத்தது. காலந்தவறாமை பற்றி எவ்வளவு அறிவுரை கூறினும், தலையெண்ணுவோர் இல்லாதவிடத்து அது பயன்படாது.

நம் மக்கள் இம்முறையை அறியாதவரல்லர். கச்சத்தீவில் புனித அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து செல்வோர், பெயர் பதிந்து, அனுமதி பெற்ற படகுகளில் சென்று, மறுநாள் திருப்பலி முடிந்தபின் திரும்புவது வழக்கம். அத்தீவில் குடியிருப்போர் இல்லை. அங்கு எவரையேனும் விட்டுவிட்டு வருதல் எத்தகைய கொடுமை என்பது படகேறும் ஒவ்வொருவர்க்கும் தெரியும். அதே விழிப்பை உல்லாசக் கப்பலிலும் ஒரு குடும்பம் கொள்ளுதல் வேண்டும். ஒருவர் எண்ணுபவராக இருக்கட்டும். வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் எண்ணட்டும்.

இறங்குமுன் பெரியவர் கைப்பையில் சிலவற்றை வைத்தனுப்புக: இரண்டு நாள் மருந்து, பாஸ்போர்ட்டின் நகல், செலவுக்குச் சிறிது பணம், கப்பலின் பெயரும் ஏறவேண்டிய நேரமும் எழுதிய தாள், அத்துறையிலுள்ள கப்பல் முகவரின் தொலைபேசி எண். இவ்வெண் பெரும்பாலும் கப்பலில் நாள்தோறும் தரப்படும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும். எவ்வளவு முயன்றும் கப்பல் சென்றுவிட்டால், அம்முகவரையே முதலில் நாடுக. வராதவரின் பாஸ்போர்ட்டை அவர் அறையிலிருந்து எடுத்து முகவரிடம் ஒப்படைத்துச் செல்லும் வழக்கம் உண்டு. சாவ் தோமேயிலும் அவ்வாறே செய்யப்பட்டது. அடுத்து, நம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.

ஆண்டுகள் பல உழைத்து நம்மை ஆளாக்கியோரைக் கடல் காண அழைத்துச் செல்கிறோம். கடைவீதியில் இன்னும் ஒரு கடை காணாது திரும்பினால் இழப்பொன்றுமில்லை. அவர்கள் மூச்சு வாங்காமல், எவரும் அவர்களை விரட்டாமல், நேரத்தோடு கப்பலேறி அமர்ந்து, கரை விலகுவதைக் கண்டு மகிழட்டும்.