பிள்ளை பெற்றவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்



பிள்ளை பார்க்க வருகிறவர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். "நார்மலா, ஆபரேஷனா?" "எத்தனை கிலோ?" "பால் இருக்கா?" கட்டிலில் இருப்பவள் பதில் சொல்லிக்கொண்டே, தையல் இழுக்காமல் எழுந்து உட்கார வழி பார்த்துக்கொண்டிருப்பாள். "ராத்திரி தூங்கினியாம்மா?" என்று கேட்கிறவர்கள் அபூர்வம்.

தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவை சிகிச்சையில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்டவரை வீடே தாங்கும். வயிற்றையும் கருப்பையையும் அறுத்துத் தைத்துக்கொண்டவளோ, அன்று ராத்திரியே இரண்டு மூன்று மணிக்கொரு தரம் எழுந்து பால் கொடுக்கிறாள். மேல்தோல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஆற ஆறு வாரமாவது ஆகும். அதுவரை பிள்ளையைவிடக் கனமான எதையும் அவள் தூக்க வேண்டாம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமட்டும், வலி குறையும்.

பாட்டிகளின் பத்தியத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் லேகிய உருண்டையும் இருக்கட்டும். தாய்வீட்டில் அடுப்பங்கரைப் பக்கமே விடாமல் வைத்திருந்தார்களே, அதற்கு ஈடான மருந்து எது? ஆனால் "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று டம்ளரைப் பிடுங்குவதை ஒப்புக்கொள்ள முடியாது. பிரசவம் முடிந்ததும் ஒரு கிலோ அளவுக்கு இருக்கும் கருப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே தானாகச் சுருங்கிவிடும். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பால் கொடுப்பவளுக்குத் தாகம் கூடத்தான் செய்யும். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகி, முக்கும்போது தையல் உயிரை எடுக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் ரத்தம் சட்டென உறையக்கூடியது. உடம்பு வறண்டால் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

அடுத்து, அழுகை. மூன்றாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். பலருக்கும் வருவதுதான், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தாலோ, பிள்ளை தூங்கும்போதும் இவளுக்குத் தூக்கம் வராவிட்டாலோ, பிள்ளையிடம் ஒட்டுதலே இல்லாமல் போனாலோ டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "எல்லாம் செல்லம் கொடுத்ததால வந்த வினை" என்று பேசியும், காத்துக் கருப்பு என்று கயிறு கட்டியும் நாளைக் கடத்த வேண்டாம். "நான் இல்லாம இருந்தா நல்லது" என்று அவள் சொன்னால் அவளைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

உங்கள் வீட்டுப் பத்தியத்தில் எதை வைத்துக்கொண்டீர்கள், எதற்காக மாமியாரிடம் மல்லுக்கட்டினீர்கள் என்று எழுதுங்கள். மாமியார்களும் எழுதலாம், அவர்கள் பக்கத்து நியாயத்துக்கும் இடம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்