சாவி யார் கையில்?

கடல் கடந்து பிழைக்கச் செல்பவரின் பிரயாணம் இக்காலத்தில் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ ஆரம்பமாவதில்லை. ஓர் இணையக் கணக்கில் ஆரம்பமாகிறது. திருப்பூர் ஜில்லாவிலுள்ள கணியூரிலிருந்து ஒரு வாலிபன் வளைகுடா நாட்டிற்குக் கூலி வேலைக்குப் போனாலும் சரி, அமெரிக்காவிற்கு எஞ்ஜினீயராகப் போனாலும் சரி, அவனுடைய பெயர், பாஸ்போர்ட் எண், சம்பளம், ஒப்பந்தம் யாவும் அத்தகைய கணக்கிலேயே ஏறுகின்றன. ஆனால் அதைத் திறந்து மூடுபவன் பெரும்பாலும் அவன் அல்லன். அவனுக்காக ஆஜராகும் பிரதிநிதியே. இந்நிலைமையை நம் ஜனங்கள் சற்று ஆழ்ந்து யோசிக்க வேண்டும்.

பிரதிநிதியை வைத்துக்கொள்வது குற்றமன்று. சட்டத்தின் சிக்கல் அறியாதவனுக்கு அறிந்தவனின் உதவி அவசியமே. ஆயினும், வக்கீலுக்கு வக்காலத்துக் கொடுப்பது வேறு. வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பது வேறு.

இவ்வித்தியாசத்தை அமெரிக்கக் குடியேற்ற இலாகாவின் முறையிலே தெளிவாகக் காணலாம். அங்கே பிறருக்காக ஆஜராகும் உரிமை வக்கீல்களுக்கும், அந்நாட்டு நீதி இலாகாவின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளுக்குமே உண்டு. வக்கீல் தம் சொந்தக் கணக்கில் ஜி-28 என்னும் வக்காலத்துப் படிவத்தையும் மனுவையும் தயாரிக்கிறார். கட்சிக்காரர் தமக்கென்று ஒரு கணக்கைத் திறந்து, வக்கீல் கொடுத்த இரகசிய எண்ணை அதில் இட்டு, இரண்டையும் படித்துப் பார்க்கிறார். ஒப்புக்கொண்டு அவர் கையொப்பமிட்ட பின்னரே வக்கீல் மனுவைத் தாக்கல் செய்ய முடியும். எழுதுவது வக்கீல்; சம்மதிப்பது கட்சிக்காரர். இது நியாயமான ஏற்பாடு.

ஆனால் அதே இலாகாவின் எச்-1பி விஸா முறையில் இந்நியாயம் முழுமையாக இல்லை. அதில் மனுதாரர் முதலாளி. தொழிலாளி வெறும் பயன்பெறுபவன். 2024-ஆம் ஆண்டு முதல் கம்பெனியின் சிப்பந்திகளும் வக்கீல்களும் ஒரே கணக்கில் சேர்ந்து வேலை செய்ய வசதி ஏற்பட்டிருக்கிறது; அக்கணக்கில் தொழிலாளிக்கு இடமில்லை. 2023-இல் வந்த 7,80,884 பதிவுகளில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவை, ஒரே நபருக்காகப் பல கம்பெனிகள் செய்தவை! பாஸ்போர்ட்டை ஆதாரமாகக் கொண்டு ஆளுக்கு ஒரு வாய்ப்பு என்று விதி மாறிய மறு ஆண்டில் பதிவுகள் 4,79,953 ஆகக் குறைந்தன. முறைகேட்டைத் தடுக்க மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு இதைவிட வேறு சாக்ஷியம் வேண்டுமா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வோர் சட்டப்படி சர்க்கார் அனுமதி பெறவேண்டும். அதற்கான 'இ-மைக்ரேட்' தளம் 2024 அக்டோபரில் புதுப்பிக்கப்பட்டது. ஏஜண்டு மூலம் செல்பவனுடைய விவரங்களை ஏஜண்டே தம் கணக்கில் ஏற்றுகிறார். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியுமே என்பது விதி. தொழிலாளிக்குப் பத்து லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸும் உண்டு. ஆனால் கணக்கையே காணாதவனுக்கு இவ்விதிகள் எப்படித் தெரியும்? தன் ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவென்று எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவன் பாலைவனத்தில் இறங்கிய பிறகா அறிவது?

நம் முன்னோர் படிக்கத் தெரியாத ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து மொரீஷியஸுக்கும் பீஜிக்கும் கப்பலேறினார்கள். தேசமே திரண்டு கண்டித்ததன் பேரில் 1917-இல் அவ்வொப்பந்தக் கூலி ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. 1922-இல் குடிபெயர்வைக் கட்டுப்படுத்தச் சட்டமும் பிறந்தது. அன்று கைநாட்டு, இன்று கைப்பேசிக்கு வரும் இரகசிய எண். அந்தக் கைப்பேசி ஏஜண்டினுடையதாயின், நூறாண்டு கழித்தும் நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்?

1983 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதா ஒன்றின் நகலை மத்திய சர்க்கார் 2025-இல் வெளியிட்டு, பொதுஜன அபிப்பிராயம் கேட்டது. நமது அபிப்பிராயம் இதுவே: வெளிநாடு செல்லும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவன் பெயரில், அவன் கைப்பேசி எண்ணில் தனிக் கணக்கு இருக்கவேண்டும், ஒப்பந்தத்தை அவன் தன் தாய்மொழியில் படித்து, தன் கையாலேயே சம்மதம் தந்தாலன்றி அனுமதி வழங்கலாகாது. இதை ஏஜண்டுகளின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் சட்டத்திலேயே எழுதவேண்டும். ஒப்பந்தங்களைத் தமிழில் விளக்கும் பொறுப்பைத் தமிழக சர்க்காரின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஊர்தோறும் உள்ள இ-சேவை மையங்களும் ஏற்கவேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டிக் காத்திருப்பதும் விவேகமன்று. ஏஜண்டின் லைசென்ஸ் எண்ணைச் சர்க்கார் தளத்தில் சரிபாருங்கள். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். தாக்கல் செய்த ஒவ்வொரு தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுப்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடாதீர்கள். வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவன் உண்டா? அப்படியிருக்க, வாழ்க்கையின் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுக் கடல் கடக்கலாமா?