விதியா? விதிமுறையா?

"இங்கே ஒரு கையெழுத்து... இதோ, இங்கேயும் ஒன்று... பக்கத்தைப் புரட்டுங்கள், அடியில் போடுங்கள்... ஆமாம் சார், எல்லாப் பக்கத்திலும்!"

வீட்டுக்கடன் வழங்கும் நிறுவனமொன்றின் குளிரூட்டப்பட்ட அறையிலே 2009-ஆம் ஆண்டு ஓதப்பட்ட மந்திரம் இது. எதிரே அமர்ந்திருந்தவர் எழுத்தறியாதவரல்லர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியர். ஐம்பது பக்கத்துக்கு மேல் கையெழுத்திட்டார். எந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. எழுத்தோ எறும்பினும் சிறிது; மொழியோ ஆங்கிலம்; அதுவும் வழக்கறிஞரே இருமுறை படித்தால்தான் பிடிபடும் ஆங்கிலம்.

"ஒருமுறை படித்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாராம்.

"எல்லாருக்கும் இதே தாள்தான் சார். யாரும் படிப்பதில்லை" என்று புன்னகையோடு பதில் வந்ததாம்.

புரியாத மொழியில் ஒருவர் ஓதுவார். புரியாமலே மற்றொருவர் தலையசைப்பார். ஓதியவருக்குத் தட்சிணை, அசைத்தவருக்குச் சுமை! எங்கோ கண்ட காட்சியாக இருக்கிறதல்லவா, தோழர்களே? மணமேடையிலும் திவச வீட்டிலும் கண்டோமே, அதே காட்சி! அங்கே தட்சிணை, இங்கே அதன் பெயர் செயலாக்கக் கட்டணம். மணமேடையில் அந்த மந்திரம் வேண்டாமென்று சொன்னோம். சொன்னதோடு நில்லாமல், சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்பதை 1967-இல் சட்டமன்றத்திலேயே நிலைநாட்டினோம். ஆனால், மாலையும் கழுத்துமாக நின்றபோது விழித்துக்கொண்ட நாம், இருபதாண்டு உழைப்பை எழுதிக் கொடுக்கும் மேசையின் முன்னே உறங்கிவிடுகிறோமே, அது ஏன்? புதுமனை புகுவதற்கு இராகுகாலம் பார்க்கும் வீட்டுக்காரரும் ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை; இராகுகாலத்தை எள்ளி நகையாடும் நம் தோழரும் பார்ப்பதில்லை. இந்த ஒன்றிலே ஆத்திகரும் நாத்திகரும் ஒரே மதம்!

அந்த ஆசிரியரைப்பற்றிச் சற்றே சொல்லவேண்டும். தஞ்சை மாவட்டத்துக்காரர். அவருடைய தந்தை பிறர் நிலத்திலே சேற்றில் நின்றவர். குடிசை போட்டிருந்த துண்டு மண்ணும் பண்ணையாருடையது. "போ" என்றால் பானை சட்டியோடு போகவேண்டும். 1971-இல் கழக ஆட்சி கொண்டுவந்த குடியிருப்புச் சட்டம், உழவுத் தொழிலாளி குடியிருந்த மனையை அவனுக்கே உரிமையாக்கிற்று. அந்த வீட்டிலே ஒரு மனிதனின் பெயர் ஏறிய முதல் நிலத்தாள் அதுதான். அதைத் தகரப்பெட்டியிலே துணியில் சுற்றி வைத்திருந்ததை ஆசிரியர் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அவர் தம் சம்பளத்திலே வாங்கிய மனைக்கான பத்திரம், அந்தக் குடும்பத்தின் இரண்டாவது தாள். அதைத்தான் கடனுக்காகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, உரிமை ஆவணத்தைக் கடனுக்கு ஈடாக ஒப்படைப்பதே அடமானமாகிவிடும். தாள் கைமாறினால் வீடு கட்டுண்டது. தாள் திரும்பினால்தான் வீடு விடுபட்டது. எனவே, கடனை முற்றும் கட்டிய பின்பும் தாளைத் திருப்பாதவன் சிறு தாமதம் செய்தவனல்லன். விடுதலையானவனைச் சிறையிலேயே வைத்திருப்பவன்!

தாள் இருக்கட்டும். முதலிலே வட்டியைப் பார்ப்போம். அங்கேதான் 'தலைவிதி' என்னும் சொல் மிகுதியாகப் புழங்குகிறது.

மாறும் வட்டி என்றொரு ஏற்பாடு. நாட்டின் வட்டிநிலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பது பேச்சு. 2022 மே மாதத்தில் 4 விழுக்காடாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 விழுக்காடாயிற்று. இனி நாமே கணக்குப் போடுவோம். 30 இலட்சம் ரூபாய், 20 ஆண்டு, 7 விழுக்காடு: மாதத் தவணை 23,259 ரூபாய். ஓராண்டு ஒழுங்காகக் கட்டியபின் நிற்கும் அசல் ஏறத்தாழ 29,28,600. இப்போது வட்டி இரண்டரை விழுக்காடு ஏறி 9.5 ஆகிறது, தவணையை மட்டும் உயர்த்தவில்லை என்று கொள்வோம். அந்த மாதத்து வட்டி மட்டும் 23,185 ரூபாய்! கட்டுகிற பணத்திலே அசலுக்குச் சேருவது எவ்வளவு? 74 ரூபாய்! இந்த வேகத்தில் கடன் தீர அறுபது ஆண்டுக்கு மேலாகும். தாத்தா வாங்கிய கடனைப் பேரன் கட்டி முடிப்பான். வீடு அதுவரை நிற்குமோ நிற்காதோ!

"தவணை உயரவில்லையே" என்று மகிழ்ந்திருப்பான் கடனாளி. உயராத தவணைக்குள்ளே அவனுடைய ஆயுள் உயர்த்தப்பட்டதை எவரும் அவனிடம் சொல்லவில்லை. என்றோ ஒருநாள் கணக்கேட்டைப் பார்த்து, "பதினெட்டு ஆண்டு கட்டியும் இவ்வளவா பாக்கி!" என்று திகைக்கிறான். அலுவலகத்திலே கேட்டால், "வட்டி மாறிவிட்டது சார்." வீட்டிலே சொன்னால், "நம்ம தலைவிதி." சனி பிடித்தது, வாஸ்து சரியில்லை, வாசற்கதவைக் கிழக்கே திருப்பு என்று சொல்ல ஆட்கள் வேறு வந்துவிடுகிறார்கள். வாசற்கதவா வட்டியை ஏற்றிற்று?

இது விதியன்று, ஒருவர் எடுத்த முடிவு. முடிவை ஒடுக்க விதிமுறையும் உண்டு. 2023 ஆகஸ்டு 18-இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது: வட்டி மாறும்போது தவணைக்கும் காலத்துக்கும் என்ன ஆகும் என்று கடனாளிக்குத் தெரிவிக்கவேண்டும், தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுடையது, கட்டும் தவணை வட்டிக்கே போதாத நிலை வரக்கூடாது. எத்தனை பேர் கேட்டோம்?

ஏறும்போது நடப்பது இது. இறங்கும்போது? 2025-இல் ரெப்போ வட்டி பலமுறை குறைக்கப்பட்டது. வங்கிகள் 2019 அக்டோபர் முதல் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை வெளி அளவுகோலோடு கட்டியாகவேண்டும் என்பது விதி. ஆகவே அங்கே குறைவு ஓரளவு விரைந்து வந்தது. வீட்டுவசதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. அங்கே பழைய வாடிக்கையாளர் பழைய வட்டியையே கட்டிக்கொண்டிருப்பார். புதிதாக வருபவருக்குக் குறைந்த வட்டி. போய்க் கேட்டால், "மாற்றுக் கட்டணம் செலுத்துங்கள், குறைக்கிறோம்" என்பார்கள். ஏறுவதற்குக் கட்டணமில்லை, இறங்குவதற்குக் கட்டணம்!

வட்டி எப்போது தொடங்குகிறது என்பதிலும் ஒரு கைவரிசை. பணம் கைக்கு வராத நாளுக்கும், ஒப்பந்தம் எழுதிய தேதியிலிருந்தே வட்டி கணக்கிட்ட நிறுவனங்கள் உண்டு. நான் கட்டிவிடும் கதையன்று. சோதனையிலே கண்டதாக 2024 ஏப்ரல் 29-இல் ரிசர்வ் வங்கியே வெளியிட்டு, அதிகம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

"கடன் வாங்கினால் கட்டத்தானே வேண்டும்? கட்டாதவனுக்குப் பரிந்து பேசுகிறீரா?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. கட்டத்தான் வேண்டும், மறுக்கவில்லை. பிறர் சேமிப்பைத்தான் வங்கி கடனாகத் தருகிறது. அது திரும்பாவிட்டால் நட்டம் ஏழையின் வைப்புக்கும்தான். நான் பேசுவது கட்டியவனுக்காக! தவணை தவறியவனுக்குச் சர்பாசி சட்டம் 2002 முதல் இருக்கிறது. மூன்று மாதம் தவறினால் வாராக்கடன்; 60 நாள் அறிவிப்பு; பிறகு நீதிமன்ற வழக்கு நடத்தாமலே வீட்டைக் கைப்பற்றலாம்; உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு அவனுக்கு அடைப்பு; கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு ஓடவேண்டும். அந்த 60 நாளில் ஒருநாளும் பிசகுவதில்லை. கைக்கடிகாரம் அவ்வளவு துல்லியம்! கட்டி முடித்தவனுக்குத் தாளைத் தரவேண்டிய நாளிலோ அதே கடிகாரம் நின்றுவிடுகிறது.

ஆசிரியருக்கு அதுதான் நேர்ந்தது. 2024-இல் கடைசித் தவணையைக் கட்டினார். வீட்டிலே பாயசம். பதினைந்தாம் நாள் போனார். "ஆவணங்கள் மும்பைக் கிடங்கில் இருக்கின்றன." இருபதாம் நாள் போனார். "கம்ப்யூட்டரில் கணக்கு இன்னும் முடியவில்லை சார்." இருபத்தெட்டாம் நாள் போனார். "இந்தக் கிளையில் தரமாட்டார்கள், சென்னைக்குப் போங்கள்." தொலைபேசியிலே கூப்பிட்டார். தமிழுக்கு ஒன்றை அழுத்துக, கடனுக்கு மூன்றை அழுத்துக, காத்திருக்குக, காத்திருக்குக. கோயிலிலே கல் பேசாது, நமக்குத் தெரியும். இந்தக் கருவி ஓயாது பேசுகிறது, பதில் மட்டும் சொல்லாது. கந்துவட்டிக்காரன் கொடியவன்தான், ஆனால் அவனுக்கு ஒரு முகமாவது உண்டு, எதிர்நின்று கேட்க.

"போனதென்றே வைத்துக்கொள்ளுங்கள். நம்ம விதி" என்று அம்மையார் கண்கலங்கியபோது, கல்லூரியிலே படிக்கும் மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து அப்பாவின் முன் வைத்தாள். "விதி இதோ இருக்கிறது அப்பா" என்றாள். 2023 செப்டம்பர் 13-ஆம் நாளிட்ட ரிசர்வ் வங்கி ஆணை. கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்கள் அனைத்தையும் திருப்பித் தரவேண்டும். கணக்கு நடந்த கிளையிலோ ஆவணம் இருக்கும் வேறு அலுவலகத்திலோ, கடனாளி விரும்பும் இடத்தில் பெறலாம். நிறுவனத்தின் தவற்றால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தொலைந்துபோயிருந்தால் படி எடுத்துக் கொடுக்கும் செலவும் நிறுவனத்தினுடையது. 2023 டிசம்பர் முதல் நாளிலிருந்து ஆவணம் விடுவிக்கப்படவேண்டிய கடன்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அவளே இன்னொன்றும் காட்டினாள். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன் எதுவானாலும், கடனாளிக்குப் புரியும் மொழியிலே முக்கிய விவர அறிக்கை எழுதித் தரவேண்டும், விளக்கவேண்டும். அதிலே சொல்லாத கட்டணத்தை அவன் ஒப்பாமல் வாங்கமுடியாது. புரியும் மொழியிலே, தோழர்களே! இந்தியை எதிர்த்துச் சிறை சென்றவர்களின் பேரப்பிள்ளைகள், கடன் மேசையிலே "தமிழில் எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்க நாணுவதேன்? கொடுக்க மறுத்தால் எழுத்திலே முறையிடுக. 30 நாளில் பதில் வராவிட்டால், வங்கியாயின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். வீட்டுவசதி நிறுவனமாயின் தேசிய வீட்டுவசதி வங்கி. நம் படிப்பகங்களிலே மாலை நேரத்திலே இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து, வருவோரின் கடன் தாளைப் படித்துச் சொன்னால் போதும். வானத்தை வில்லாய் வளைக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் தமிழிலேயே கடிதம் எழுதினார். கடைசித் தவணையின் தேதி, ஆணையின் தேதி, நாள் கணக்கு, தொகை கணக்கு. கணக்கு வாத்தியாரல்லவா! ஒப்புகை அட்டையோடு பதிவு அஞ்சலில் விடுத்தார். 51-ஆம் நாள் கிளையிலிருந்து அழைப்பு வந்தது. மும்பையிலிருந்த தாள், சென்னைக்குத்தான் வருமென்ற தாள், உள்ளூர் மேசையிலே இருந்தது! ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிச் சரிபார்த்து வாங்கிப் பையில் வைத்தார்.

"அப்படியே இதிலும் ஒரு கையெழுத்து சார். வழக்கமான தாள்தான்."

பொடி எழுத்து. ஆங்கிலம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். 'எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அவர் உறுதி கூறுவதாக அடியிலே ஒரு வரி இருந்தது. 21 நாள், நாளொன்றுக்கு 5,000, ஒரு இலட்சத்து ஐயாயிரம் ரூபாயை அந்த ஒரு வரி விழுங்கப் பார்த்தது.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "இதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள் தம்பி, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார்.